ஆறு மாதத்துக்கு ஒரு தமிழ்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. தமிழில் நாங்கள் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "தின்னானு" என்பாள். கீழே விளையாடப் போனால் இந்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். வீட்டுக்கு வருகிறவர்கள், இத்தனை சின்ன வயதில் இத்தனை பாஷையா என்று மெச்சுவார்கள். எனக்கு உள்ளே வயிறு எரியும்.

ஏனென்றால் நான் எழுதுகிறவன். எழுத்தாளன் என்று போர்டு மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. பகலில் ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்கு வந்து, காபியைக் குடித்துவிட்டு, தமிழில் ஏதாவது எழுதுவேன். எப்போதாவது ஒரு சிறுபத்திரிகை போடும். போட்டால் அதைக் காட்டுவதற்கு ஹைதராபாத்தில் ஆள் கிடையாது. மனைவியிடம் நீட்டினால், "நீங்க பேசுததத்தான் நாள் பூரா கேக்கேன். எழுதுனத வேற படிக்கணுமா?" என்பாள். திருநெல்வேலிக்காரி, முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஆகவே என் வாசகர் கூட்டம் முழுவதும் பள்ளிக்கூடச் சீருடையில், ரிப்பன் கட்டிக்கொண்டு, தெலுங்கு பேசிக்கொண்டு வீட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தது. அவள் என்றைக்காவது நான் எழுதியதில் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அந்த வயதில் எனக்கு இருந்ததாக நினைவில்லை.

அது நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை ஆபீஸில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜை நண்பர் சிகந்திராபாத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்தில் வந்து குடியேறிய குடும்பம். வாய் நிறையத் தமிழ் பேசுவார், நடுநடுவே ஹைதராபாத் உருதுவும் விழும். ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. என் கட்டுரை வந்த இதழைக் கொடுத்தால் முன்னும் பின்னும் புரட்டி, படத்தைப் பார்த்துவிட்டு, "ஹவ், நல்லா வந்திருக்கு" என்று திருப்பித் தருவார். ஹவ் என்றால் ஆமாம்.

ஒரு நாள் மகளைப் பற்றி அவரிடம் புலம்பினேன்.

"கைக்கு, எதுக்கு சார் இவ்ளோ டென்ஷன்? எங்க வீட்ல தாத்தாவுக்கு அப்பறம் யாருக்கும் படிக்க வராது. என்ன கெட்டுப்போச்சு? நல்லாத்தானே இருக்கோம்" என்றார்.

உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தார். தங்கமான மனிதர். அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

மனைவி ஊரிலிருந்து அரிச்சுவடி வாங்கிவந்து உட்காரவைத்துப் பார்த்தாள். மகள் முதல் பக்கத்திலிருந்த அணிலுக்கு மீசை வரைந்தாள். இரண்டாம் பக்கத்து ஆட்டுக்குக் கண்ணாடி போட்டாள். பிறகு, "நாக்கு வத்து அம்மா" என்று புத்தகத்தை மூடினாள். எனக்கு வேண்டாம் என்று தீர்ப்பு. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே மூன்று விதமான எழுத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலாவதற்கு இடம் எங்கே?

அந்தச் சமயத்தில்தான் நான் உறுப்பினராக இருந்த ஒரு தமிழ் இணையக் குழுவில் அந்த மடல் வந்தது. லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நிறுவும்போது மொழி என்ன என்று கேட்கும். தமிழ் என்று சொன்னால் திரை முழுக்கத் தமிழிலேயே வரும். நான் அதை மூன்று தரம் படித்தேன். மகள் அரிச்சுவடியைத் தொடமாட்டாள். ஆனால் கம்ப்யூட்டரைத் தொடாமல் இருக்கமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றும் முன்பே அதன் முன்னால் உட்கார்ந்து சீட்டு ஆட்டம், கண்ணிவெடி ஆட்டம். அந்தப் பெட்டியே தமிழில் இருந்தால் எங்கே போய்விடுவாள்?

யோசனை எல்லாம் சுலபம்தான். ஒரு முழு சி.டி. அளவு இறக்க வேண்டும். ஆபீஸில் முடியாது. எங்கள் தொழிற்சாலை வாசலில் சோறு கொண்டுபோகும் டப்பாவையே திறந்து பார்ப்பார்கள், ஃபிளாப்பி, சி.டி. எதுவும் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது. சந்தோஷ் நகரில் நெட் சென்டர் வைத்திருந்தவரிடம் கேட்டேன். அளவைச் சொன்னதும் அவர், "நக்கோ சாப், அது மட்டும் வேணாம். மத்தவங்க மெயில் பார்க்க வேணாமா?" என்று கும்பிட்டார். மிச்சம் வீட்டு இணைப்பு ஒன்றுதான். டி.வி. கேபிள்காரரே மொட்டை மாடியிலிருந்து நீல நிற ஒயர் ஒன்றை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, இதுதான் இன்டர்நெட் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காற்றடித்தால் அது போய்விடும்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் ஹாலில் ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்தது. மகளுக்கு ஆட்டம் கிடையாது என்று அறிவித்தேன். ஃபியூஸ் போய்விடக்கூடாது என்பதால் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் இரண்டுக்கும் தடை. "ரெண்டு நாளா சட்னி இல்லாம இட்லி திங்கோம். அப்படி என்னதான் இறங்குது?" என்று மனைவி கேட்டாள். தமிழ் இறங்குகிறது என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மிளகாய்ப்பொடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

திரையில் ஒரு நீலப் பட்டை. அது நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் கொஞ்சம், கடைக்குப் போய்வந்து பார்த்தால் இன்னும் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம் பட்டை வலது ஓரத்தைத் தொட ஒரு விரல்கடைதான் பாக்கி. கரண்ட் போனது. யு.பி.எஸ். கீ கீ என்று கத்தியது. கத்திக் கத்தி அதுவும் அடங்கியது. கரண்ட் வந்து மறுபடி இணைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடராதாம். முதலிலிருந்து வர வேண்டுமாம். நீலப் பட்டை இடது ஓரத்தில் ஒரு நூல் அளவு நின்றது.

இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து என் முழங்காலைத் தட்டினாள். குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, ஏடவக்கு. மள்ளி சேத்தாம்."

அழாதே, மறுபடி செய்யலாம் என்கிறாள். நான் அழவில்லை. அதுவரை ஃபேன் நின்றிருந்ததில் வியர்வை, கூடவே கண்ணில் தூசி. என் மனைவி இதை வேறு மாதிரி சொல்வாள், அதை நம்ப வேண்டாம்.

மறுபடி செய்தோம். அடுத்த வாரம் முழுசாக இறங்கியது. அதை சி.டி.யில் ஏற்றுவதற்காகவே கோட்டி பஜாரில் சி.டி. ரைட்டர் வாங்கிவைத்திருந்தேன். பாட்டு ஏற்றுவதுபோல ஏற்றிவிட்டேன். சி.டி. உள்ளே போகிறது, சுற்றுகிறது, ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு வேறு முறை உண்டு என்று அந்த இணையக் குழுவில் ஒரு புண்ணியவான் சொன்ன பிறகு இரண்டாவது சி.டி. வேலை செய்தது. முதலாவதை மகள் கயிறு கட்டி வாசலில் தொங்கவிட்டாள். விண்டோஸ் பக்கத்திலேயே இருந்தால் அவள் அதற்கே ஓடிவிடுவாள் என்று அதைச் சுத்தமாக வழித்து எடுத்துவிட்டு இதை நிறுவினேன்.

திரை முழுக்கத் தமிழ் வந்தபோது உடம்பு சிலிர்த்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மாவுக் கையோடு வந்து நின்று, வாய்விட்டுப் படித்தாள். "அமர்வை முடி. அப்படின்னா என்ன? எந்திரிச்சுப் போன்னு சொல்லுதா?"

லாக் அவுட்டைத்தான் அப்படிச் சொல்கிறது என்று எனக்கும் சட்டென்று புரியவில்லை. நாள் முழுக்கத் தமிழ் பேசி, தமிழ் எழுதி, தமிழுக்காக இரண்டு வார இறுதிகளைக் கொடுத்த நான், ஒரு கோப்பைப் பிரதி எடுக்க எந்த வார்த்தையை அழுத்துவது என்று தெரியாமல் விழித்தேன். ஓர் எழுத்து தெரியாத என் மகளோ என் கையைத் தள்ளிவிட்டு, நாலைந்து இடத்தில் தட்டி, சீட்டு ஆட்டத்தைக் கண்டுபிடித்து ஆட ஆரம்பித்தாள். அவளுக்குத் தமிழாவது மண்ணாவது. மேலே முதல் வார்த்தை, அதில் கீழே மூன்றாவது வரி, அதில் இரண்டாவது. வழி தெரிந்தால் போதாதா?

இதை நான் கண்டுபிடிக்கச் சில மாதங்கள் ஆயின. அவள் வேகத்தைப் பார்த்து, ஆஹா படிக்கிறாள் என்று உச்சி குளிர்ந்துகொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் அதே இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு வந்தது. ஆர்வத்தில் அதையும் இறக்கி நிறுவினேன். அதில் வரிசையை மாற்றியிருந்தார்கள். மகள் வழக்கம்போல மூன்றாவது வரியைத் தட்டினாள். வெறும் வெள்ளைப் பக்கம் திறந்தது, கடிதம் எழுதச் சொல்லி.

"நா ஆட்ட ஏதி?" என்றாள். என் ஆட்டம் எங்கே என்று.

"தேடிப் பாரு" என்றேன். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

அவள் திரைக்குக் கிட்டே போனாள். முதல் முறையாக அந்த வார்த்தைகளை வார்த்தைகளாகப் பார்த்தாள். பழைய பதிப்பில் மூன்றாவதாக இருந்தது எப்படி இருந்தது? நீளமாக, நடுவே கொக்கி போட்டு, கடைசியில் தலையில் புள்ளி வைத்து. அதே ஆள் இப்போது அடியில் உட்கார்ந்திருந்தான். தட்டினாள், ஆட்டங்கள் வந்தன. "விளையாட்டுகள்" என்று நான் படித்துக் காட்டினேன். அவள் காதில் வாங்கினாளா தெரியாது. ஆனால் அந்த முகத்தை அவள் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னைக் கேட்கவா வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறார்கள் என்று தெரிந்ததும், பண்டிகைக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் எதையாவது இடம் மாற்றியிருப்பார்கள். மொழிபெயர்க்கிறவர்கள் சில வார்த்தைகளை மாற்றியிருப்பார்கள். மகள், "மள்ளி மார்ச்சாவா?" என்று இடுப்பில் கை வைத்து நிற்பாள். மறுபடி மாற்றிவிட்டாயா என்று. நான் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பாதுகாப்புக்கு நல்லதும்மா என்பேன். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஊர்ல பொங்கலுக்கு வீட்டுக்குத்தான் வெள்ளையடிப்பாங்க. இவுக கம்ப்யூட்டருக்கு அடிக்காக" என்று சொல்லிவிட்டு மிக்ஸியைத் தானே ஒதுக்கி வைப்பாள்.

முதல் பதிப்பில் தமிழ் எழுத்துகள் சரியாக உட்காரவில்லை. கொம்பும் காலும் பிய்ந்து தனியே நிற்கும். ஒட்ட இடம் கிடைக்காத இடத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் முளைக்கும். பின்னால் ஒரு பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். மகள் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் புள்ளி வட்டம் எங்கே போயிற்று என்று கேட்டாள். அதுவும் ஒரு தமிழ் எழுத்து என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பழைய நோட்டில் பென்சிலால் அந்த வட்டத்தை எழுதிப் பார்த்திருந்தாள், ஒவ்வொரு புள்ளியாக. நான் சிரித்துவிட்டுப் பிறகு பால்கனிக்குப் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் சொல்லாமல் தானாக எழுதிப் பார்த்திருக்கிறாள்.

இப்படித்தான் ஏழெட்டு வயதில் அவளுக்கு ஒரு தமிழ் வந்தது. வேறு எந்த வீட்டிலும் அந்தத் தமிழைக் கேட்க முடியாது. உப்புமா வைத்தால் தட்டைத் தள்ளி "ரத்து" என்பாள். தூங்கச் சொன்னால் "பிறகு நினைவூட்டு" என்பாள். மனைவி பிரிண்ட் எடுக்கத் தெரியாமல் தடுமாறினால், பின்னாலிருந்து, "அம்மா, 'அச்சிடு' நொக்கு" என்று சொல்லித் தருவாள். அழுத்து என்பதற்கு மட்டும் தெலுங்கு. ஆபீஸ் நண்பர் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் திரையைப் படித்துக் காட்டினாள். அவர் வாயைப் பிளந்தார். "ஹவ் சார், இவ நம்மளவிட சுத்தமா பேசுறா" என்றார். அன்று ராஜநடை நடந்தேன்.

பத்து வயதில் அது முடிந்தது. ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கிறேன், திரை முழுக்க ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் தொடங்கிவிட்டது. அங்கே எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். வீட்டில் வேறு பெயர் சொன்னால் குழப்பமாக இருக்கிறதாம். மொழி மாற்றும் இடத்தை அவளே தேடிப்போய் மாற்றிவிட்டாள். அந்த இடத்துக்கு அவள் தமிழைப் படித்துக்கொண்டேதான் போயிருக்க வேண்டும். அதை நினைத்தால் பெருமை வந்திருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோடும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தேன்.

"புள்ளைட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என்ன ஆகப்போகுது?" என்றாள் மனைவி. "அவளுக்கு எது லேசோ அதச் செய்யட்டும்."

அவள் சொன்னது சரிதான். அதற்கப்புறம் புதுப் பதிப்புகள் வந்தன, நான் இறக்கவில்லை. கேபிள்காரரின் நீல ஒயர் போய் நல்ல பிராட்பேண்ட் வந்தது. அன்று இரண்டு நாள் பிடித்தது இப்போது ஒரு காபி குடிக்கும் நேரத்தில் இறங்கும். இறக்க எனக்குத்தான் காரணம் இல்லாமல் போயிற்று. நான் மட்டும் கம்ப்யூட்டரில் என் பெயரில் இருந்த கணக்கில் தமிழ்த் திரையையே வைத்துக்கொண்டு, சாயங்காலங்களில் எழுதினேன். ஆபீஸ் நண்பரைப் பார்க்கும்போதெல்லாம் பொல்லாத வருத்தம் வரும். நானும் ஒரு நாள் இதழை நீட்ட, என் மகளும் படத்தைப் பார்த்துவிட்டு ஹவ் என்பாள்.

அவள் ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடையில் எங்கள் வீட்டுக்குப் புது லேப்டாப் வந்தது. பழைய பெட்டியை நண்பர் கேட்டார். ரிட்டயர் ஆகப்போகிறார், பொழுது போக வேண்டும். "இங்கிலீஷ்ல போட்டுக் கொடுங்க சார், தமிழ் நக்கோ" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசித் தடவையாகப் புதுப் பதிப்பை இறக்கினேன். நிறுவும் முன் பழைய கோப்புகளை எல்லாம் எடுத்து வைக்க வேண்டும். மகள் தானாக வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் ஆடிய சீட்டு ஆட்டத்தின் மதிப்பெண்கள் அதில் இருக்கிறதாம், அது வேண்டுமாம்.

நான் காபி டம்ளரோடு பின்னால் நின்றேன். அவள் கோப்புகள் இருந்த ஒவ்வொரு உறையாகத் திறந்து பென் டிரைவில் போட்டுக்கொண்டே வந்தாள். நான் எழுதிய கட்டுரைகள் இருந்த உறையில் நின்றாள். மேலாக இருந்த ஒன்றைத் திறந்தாள். அது பாதி எழுதிய ஒரு நினைவுக் குறிப்பு. முதல் முதலாக லினக்ஸ் இறக்கியது, கரண்ட் போனது.

அவள் படிக்க ஆரம்பித்தாள். வாய்விட்டு. மெதுவாக, திரையில் விரல் வைத்து, நீள வார்த்தைகளை இரண்டாக உடைத்து. "மிளகாய்ப்பொடியை" என்ற இடத்தில் தடுக்கி, திரும்பிப் போய், மறுபடி வந்தாள். எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. அசைந்தால் நிறுத்திவிடுவாளோ என்று. ஒரு பத்தி முடிந்தது, அடுத்தது போனாள். பிறகு சிரித்தாள்.

"பொய்" என்றாள்.

"எதும்மா பொய்?"

"'அப்பா, அழாதே. மறுபடி செய்யலாம்.' இத நான் சொல்லியிருக்கவே மாட்டேன்."

"சொன்னியே. உனக்கு ஞாபகம் இருக்காது. அஞ்சு வயசு."

"அதான்ப்பா. அஞ்சு வயசுல எனக்குத் தமிழே வராதே. தெலுங்குலதான சொல்லியிருப்பேன்? நீ ஏன் மாத்துன?"

இந்தச் சண்டை முழுவதும் தமிழில் நடந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஒரு வரியை அவள் வாயால் தமிழில் கேட்க வேண்டும் என்று இருந்தது, எழுதினாலாவது கேட்கட்டும் என்று மாற்றினேன். அதைத்தான் சொன்னேன்.

"ஆசையா இருந்துச்சும்மா."

அவள் விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு, "கரெக்டா நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அந்த வார்த்தைகள் ஒரு நாளும் என் காதை விட்டுப் போனதில்லை. அவள் என் வரியை அழித்தாள். அந்த இடத்தில் ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடித் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் அடிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, திரும்பாமலே கேட்டாள்.

"மள்ளிக்கு எந்த ள போடணும்ப்பா?"

சொல்லிக்கொடுத்தேன். அடித்து முடித்து, முழுவதையும் ஒரு தடவை படித்துப் பார்த்து, 'சேமி'யை அழுத்தினாள்.

அந்தக் குறிப்பைத்தான் பிற்பாடு நீட்டி எழுதி இந்தக் கட்டுரையாக்கினேன். மேலே, கரண்ட் போன இடத்தில், முழங்காலைத் தட்டிவிட்டு என் மகள் சொல்கிற அந்த வரி அவள் அடித்தது. ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை, பக்கத்தில் அர்த்தம் மட்டும் சேர்த்தேன். அவள் 'சேமி'யை அழுத்தியபோது நான் அழுதேன். அன்றைக்குக் கரண்ட் இருந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, கண்ணில் தூசி எதுவும் விழவில்லை.